ஈறு வெளிச்சம்

எங்க தருவைப்பட்டியில பல் ஆடாத ஆள் யாருன்னு கேட்டா பல்லே இல்லாத ஆளைத்தான் கைகாட்டணும், ஏன்னா விடியமுன்ன உப்பளத்துல இறங்கி வெயில் உச்சிக்கு ஏறுத வரைக்கும் உப்பு வாருத சனம், பசி தெரியாம இருக்க வெத்தலையும் பொகையிலையும் கடவாயில அடக்கியே பழகின சனம், ஈறு வீங்கி சீழ் வச்சு பல்லை விட்டு விலகின பொறவும் உப்புத் தண்ணியில கொப்பளிச்சுட்டு அப்படியே அடுத்த பாத்திக்கு நடக்குத சனம். அந்த ஊர்ல டாக்டர் ஜெபகனியம்மா வச்சிருக்க பல் ஆஸ்பத்திரியில நான் பதினோரு வருசமா வேலை பாக்கேன். பேரு சுடலைவடிவு. சீட்டு எழுதுததும் நான்தான், எச்சித் தொட்டி கழுவுததும் நான்தான், டாக்டரம்மா பல் பிடுங்கும்போது தலையை அமுக்கிப் பிடிக்கதும் நான்தான், வாய்க்கு வந்தபடி வையுததும் நான்தான்.

சீட்டு எழுதும்போது பொம்பளையள்ட்ட புருசன் பேரு கேட்டா ஒருத்தியும் சொல்ல மாட்டா. பக்கத்துல நிக்கவளைப் பாப்பா, அவ சொல்லுவா. ஆள் துணைக்கு வரலைன்னா ரேஷன் கார்டை நீட்டுவா, அதுவும் இல்லைன்னா என் கையில இருந்து பேனாவை வாங்கித் தானே எழுதிட்டு வெக்கப்படுவா. நான் அதட்டுவேன். ஆனா நான் மட்டும் என்ன ஒழுங்கு, கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல எங்க வீட்டுக்காரவுக பேரை என் வாயால ஒரு தடவை சொன்னதில்ல. பிள்ளை இருந்தாலாவது அது பேரைச் சேத்து இன்னாரோட அப்பான்னு கூப்பிட்டிருப்பேன், அதுக்கும் கொடுத்து வைக்கல. ‘ஏங்க’ன்னு ஒரு சொல்லை வச்சே இருபத்தாறு வருசத்தையும் ஓட்டியாச்சு. இந்தக் கதையே அந்தப் பேரை நான் சொன்ன கதைதான், அதனால அந்த இடம் வரும்போது சொல்லுதேன், இப்ப கேக்காதீங்க.

லேசர் மிஷின் வந்தது ஒரு ஆடி மாசம். டிபன் கேரியர் உசரம்தான் இருக்கும், அதுல இருந்து ஒரு வயர், வயர் முனையில முடி கனத்துக்கு ஒரு இழை, இழை முனையில ஒரு சிவப்புப் புள்ளி. அதுக்கு முன்னால ஈறைக் கத்தியால கீறி, சுரண்டி, தையல் போடணும், அதுக்குப் பயந்தே பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருவான். இதுல கத்தி கிடையாது, தையல் கிடையாது. டாக்டரம்மா முதல்ல ஒரு கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு அளந்து ஆறு, ஏழு, அஞ்சுன்னு சொல்லுவாவ, அத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்கு அங்க பை விழுந்திருக்குன்னு அர்த்தம், நான் எழுதுவேன். பொறவு எல்லாரும் பச்சைக் கண்ணாடி போட்டுக்கிட்டு, அந்த இழையை ஒவ்வொரு பைக்குள்ளயும் விட்டு ஒரு சுத்து சுத்தினா உள்ள இருக்க கிருமி எல்லாம் கருகி, மயிர் பொசுங்கின வாசம் ஒண்ணு வரும், அவ்வளவுதான். நாலு நாளைக்குக் காரமும் சூடும் கூடாது. ஈறு மறுபடி பல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிடும்.

முதல் ஆளா வந்து படுத்தவுக கங்காணி பெரியநாயகம். அளத்துல இருநூறு பேரை மேய்க்கவுக, முன்பல் நாலும் ஊஞ்சலாடிக்கிட்டு இருந்தது. லேசர் வச்சு அஞ்சாம் நாள் விடியமுன்ன டீக்கடையில நின்னு, ‘எங்கடே தவசிமுத்தைக் காணும்’னு கேட்டிருக்காவ. கேக்கும்போது அவுக வாய்க்குள்ள சிவப்பா வெளிச்சம் எரிஞ்சிருக்கு. டார்ச் லைட்டை உள்ளங்கைக்கு அடியில வச்சு அடிச்சா விரல் சிவக்குமே, அந்தச் சிவப்பு. டீ ஆத்துதவன், ‘அண்ணாச்சி, வாயில பல்பு போட்டிருக்கியளா’ன்னு கேட்டுட்டுத் தன் வேலையைப் பாத்திருக்கான். அன்னையில இருந்து எட்டாம் நாள், ஒரு நோவும் இல்லாத தவசிமுத்து உப்புக் குவியல்ல சைக்கிளைச் சாத்தி வச்சுட்டு அது பக்கத்துல உக்காந்தவன் எந்திரிக்கல. அடுத்து முப்பிடாதின்னு ஒருத்தி பேரைச் சொல்லும்போது எரிஞ்சது, எட்டாம் நாள் அவளைப் பாம்பு கடிச்சது. மூணாவது ஆளுக்குப் பொறவு ஊர்ல யாரும் விளக்கம் கேக்கல, எல்லாருக்கும் விசயம் விளங்கிட்டு.

டாக்டரம்மாட்ட கங்காணி வந்து வாயைத் திறந்து காட்டினாவ. ஏற்கெனவே வெளிச்சம் விழுந்திருந்த ஒருத்தர் பேரைச் சொல்லச் சொல்லி, அந்த வெளிச்சத்தை டாக்டரம்மா நல்லா குனிஞ்சு பாத்துட்டு, கம்பியை விட்டு அளந்துட்டு, ‘ஈறு நல்லா ஒட்டியிருக்கு, ஏழு மில்லி இருந்தது ரெண்டாயிட்டு, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்’னாவ. அவுக சொல்லச் சொல்ல நான் சீட்டுல எழுதினேன்: ஈறு குணம், ரத்தக் கசிவு இல்லை, சிலர் பேரைச் சொன்னால் வெளிச்சம்.

மனுசனுக்கு எதுதான் பழகாது, சொல்லுங்க. ஒரு மாசத்துக்குள்ள ‘அவனுக்கு வெளிச்சம் விழுந்துட்டு’ங்கது எங்க ஊர்ல ‘அவனுக்குக் காய்ச்சல்’ங்க மாதிரி ஆயிட்டு. வெளிச்சம் விழுந்தவன் முடி வெட்டிக்கிட்டான், சண்டை போட்ட தம்பி வீட்டுல போய்ச் சாப்பிட்டான், போட்டோக் கடையில போய் மாலைக்குப் பொருத்தமா ஒரு போட்டோ எடுத்துக்கிட்டான், பம்பாயில இருக்க மகன் அவசரமில்லாம டிக்கெட் போட்டு ஏழாம் நாள் வந்து இறங்கினான், பந்தக்காரன் எட்டாம் நாள் காலையிலேயே மூங்கிலைக் கொண்டாந்து சந்துல சாத்தி வச்சுட்டு ‘ஒண்ணும் அவசரமில்ல’ன்னு சொல்லிட்டுப் போனான். வெளியூர் போறதுக்கு முன்னால, ஆபரேஷனுக்கு முன்னால, பெண் பாக்கப் போறதுக்கு முன்னால, லேசர் வச்ச ஆளைத் தேடிப் போய் ‘ஒரு தடவை பேரைச் சொல்லிப் பாருங்க’ன்னு நிக்கது வழக்கமாப் போச்சு. வீட்டுக்கு ஒரு ஆளாவது லேசர் வச்சிருக்கணும்னு, ஈறு நல்லா இருக்கவனெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சான். டாக்டரம்மா ஒத்துக்கிட மாட்டாவன்னு தெரிஞ்சு, ஊக்கால குத்தி ரத்தம் வர வச்சுக்கிட்டு வந்த கூத்தெல்லாம் நான் பாத்திருக்கேன். நாய்க்குப் பொறந்தவனுவளான்னு வைவேன். ஊக்குக் காயத்துல சீழ் வச்சு ஒரு வாரம் கழிச்சு நெசமாவே நோயாளியா வந்து படுப்பானுவ.

எனக்கும் வச்சாவ. கீழ முன்பல்லுல ஏழு மில்லி இருந்தது, வேண்டாம்னு சொல்ல முடியுமா. வச்ச பொறவு என் வாயும் எரியத்தான் செஞ்சது. ஆனா எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, எங்க வீட்டுக்காரவுகளுக்கு என் வாயால ஒரு நாளும் வெளிச்சம் விழாது, நான்தான் பேர் சொல்ல மாட்டேனே. லேசர் வச்ச பொம்பளையள் எல்லாருக்கும் அதே நிம்மதிதான். அவளுவ புருசமாரும் வீட்டுக்குள்ள மட்டும் பயமில்லாம சோறு தின்னானுவ.

இப்படியே போயிருக்கும். எங்க அடுத்த வீட்டு மரியபுஷ்பம் ஒரு நாள் இருட்டின பொறவு இரண்டாங்கிளாஸ் படிக்க தன் மகளை, ‘டெல்சி, சாப்பிட வா’ன்னு கூப்பிட்டா. நான் கொடியில துணி எடுத்துக்கிட்டு நின்னேன், நானே பாத்தேன் அவ வாய் எரிஞ்சதை. அவ உடனே வாயைப் பொத்தினா. பொத்தி என்ன பிரயோசனம். எட்டு நாளும் பிள்ளையை மடியை விட்டு இறக்கல, தண்ணியைக் காய்ச்சிக் கொடுத்தா, சன்னலுக்குக் கொசுவலை அடிச்சா, கோயில்ல கொண்டு போய்ப் படுக்க வச்சா. எட்டாம் நாள் மடியிலயே போயிட்டு. அவ அழல. அடக்கம் முடிஞ்ச மறுநாள் சங்கக் கட்டடத்துக்கு வந்து ஊரு முன்னால நின்னு, ‘சாவு வருதுன்னு இந்த வெளிச்சம் சொல்லல. நாம கூப்பிடுதோம், அது வருது. என் பிள்ளையை நான்தான் கூப்பிட்டு அனுப்பினேன்’னு சொன்னா.

அன்னைக்கே கட்டுப்பாடு போட்டாவ. ஒரு தட்டு நிறைய முதல் தரத்து உப்பைக் கொட்டி வச்சு, லேசர் வச்ச அறுபத்தோரு பேரும் வரிசையா வந்து, உப்பு மேல கையை வச்சு, இனிமே எந்த மனுசப் பேரையும் வாயால சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினோம். உப்புல அடிச்ச சத்தியத்தை எங்க சனம் மீறாது. என் முறை வந்தப்ப கங்காணி சிரிச்சுக்கிட்டே, ‘பொம்பளையள் எல்லாம் புருசன் நீங்கலான்னு சொல்லிப் பண்ணினாப் போதும். சொல்லாத பேருக்கு எதுக்குச் சத்தியம், உப்புக்குத்தான் கேடு’ன்னாவ. எல்லாரும் சிரிச்சாவ, நானும் சிரிச்சேன். பதினெட்டுப் பொம்பளையளும் ‘புருசன் பேர் நீங்கலா’ன்னு சொல்லியே உப்புல கை வச்சோம்.

அன்னையில இருந்து எங்க ஊர்ல சாவு இல்ல.

முதல் மாசம் சந்தோசமாத்தான் இருந்தது, இல்லைங்கல. பறை அடிக்கவுகளும் பந்தக்காரனும் வேற ஊருக்குப் போய்ப் பிழைச்சாவ. லேசர் வைக்காத ஆளும் பயத்துல பேரை விட்டாச்சு, ‘நீலக்கதவு வீடு’, ‘ரெண்டாம் பாத்திக்காரர்’, ‘முட்டக்கண்ணன்’னே எல்லாம் நடந்தது, பட்டப்பேருக்கு எரியாது பாத்துக்கிடுங்க. பள்ளிக்கூடத்துல நம்பரைச் சொல்லி வருகைப் பதிவு எடுத்தாவ, கோயில்ல பேர் ராசி கேக்காம சாமி பேருக்கே அர்ச்சனை பண்ணினாவ, பிறந்த பிள்ளையளுக்குப் பேர் வைக்கல. பதிமூணு பிள்ளை பேர் இல்லாம தொட்டில்ல கெடந்தது, அழுதா ‘ஏ பிள்ள, ஏ பிள்ள’ன்னு ஆட்டினாவ. ஒரு ஊர்ல சாயங்காலம் ஆனா தாய்மாரு பிள்ளையளைப் பேர் சொல்லிக் கூப்பிடுத சத்தம் கேக்கும்லா, எங்க ஊர்ல அது கேக்காது. பிள்ளையள் தானா வீட்டுக்கு வந்து சேரப் பழகிட்டு.

பொறவுதான் ஆரம்பிச்சது. போக வேண்டியவன் போகல. வடக்குத் தெருவுல எலும்புல நோய் வந்த பெரியவர் ஒருத்தர், ஊரே கேக்கக் கத்துதாரு, ராவும் பகலும், தொண்டை கிழிஞ்ச பொறவும் காத்து மட்டும் கத்துது. கங்காணியோட அம்மைக்கு நாடியே கிடையாது, கண்ணு மட்டும் ஆளு நடமாட்டத்தோடயே திரும்பும். இன்னொரு வீட்டுல ஒருத்திக்கு முதுகுல புண்ணு, புண்ணுல புழு, புழுவை இடுக்கியால எடுத்துப் போட்டா அந்தப் புண்ணுக்கு மேல இருந்து ஒரு வாய் தண்ணி கேக்குது. இப்படிப் பதினோரு வீடு. கடையில ஊதுபத்தி மிஞ்சல. மத்தியானம் கடல் காத்து அடிச்சா ஊர் முழுக்க ஊதுபத்தி வாசமும் அதுக்கு அடியில வேற ஒரு வாசமும் வரும், அதைப் பத்தி யாரும் யாருட்டயும் பேச மாட்டோம். கட்டுப்பாட்டை எடுத்துருவோம்னு சொல்லவும் ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது, எல்லா வீட்டுலயும் பிள்ளை குட்டி இருக்குல்லா.

பன்னிரண்டாவதா எங்க வீடு. எங்க வீட்டுக்காரவுக அளத்துல பம்பு செட்டு ஓட்டுத ஆளு. உப்பு ஏத்தின லாரி பின்னால வந்தப்ப, குனிஞ்சு குழாயைப் பூட்டிக்கிட்டு இருந்தவுகளை இடுப்போட சேத்துக் கரையில அமுக்கிட்டு. பெரியாஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சிருந்துட்டு, ‘இது எப்படி உசிரு இருக்குன்னு எங்களுக்கே தெரியல, வீட்டுக்குக் கொண்டு போங்க’ன்னுட்டாவ. கொண்டாந்தேன். நடுவீட்டுல கட்டில் போட்டேன். இடுப்புக்குக் கீழ இருக்கது அவுக உடம்பே இல்ல, கறுத்துட்டு. முப்பது நாள் நான் துடைச்சேன், துணி மாத்தினேன், ஈ ஓட்டினேன். புத்தி மட்டும் தெளிவு. அதுதான் கொடுமை.

முப்பத்தோராம் நாள் என்னைக் கூப்பிட்டு, ‘ஏ பிள்ள, கங்காணிட்டப் போய்க் கேளு, ஒரு தடவை என் பேரைச் சொல்லிட்டுப் போகட்டும்’னாவ.

போனேன். கங்காணி வாசல்லயே நிறுத்திட்டாவ.

‘அண்ணாச்சி, உங்க கீழ பதினெட்டு வருசம் வேலை பாத்த ஆளு. ஒரே ஒரு தடவை சொல்லிருங்க.’

‘அது ஒரு ஆளோட போகாதும்மா. கட்டுன கதவை ஒருத்தனுக்காகத் திறந்தா வெளிய எத்தனை நாளா நிக்குதோ அதெல்லாம் சேந்து உள்ள வரும். உள்ள எட்டிப் பாரு, எங்க அம்மையும் கெடக்கா. நான் சொல்லுதனா?’

‘உங்க அம்மை கேக்கலையா அண்ணாச்சி?’

உள்ள இருந்து அந்தக் கண்ணு ரெண்டும் எங்களையே பாத்துக்கிட்டு இருந்தது. நான் இன்னும் ஏழெட்டு வீடு ஏறி இறங்கினேன். எல்லாரும் உப்பைச் சொன்னாவ, சத்தியத்தைச் சொன்னாவ, காபி குடிச்சுட்டுப் போன்னாவ.

திரும்பி வந்து சொன்னேன். எங்க வீட்டுக்காரவுக மெதுவா, ‘அப்ப நீ சொல்லு’ன்னாவ.

‘என்ன பேச்சு பேசுதிய.’

‘நீ சத்தியம் பண்ணலைல்லா. புருசன் நீங்கலான்னுதான பண்ணின. உன் வாய் ஒண்ணுக்குத்தான் பூட்டு இல்ல.’

அப்பதான் எனக்கே உறைச்சது. சிரிச்சுக்கிட்டே கை வச்ச அந்தத் தட்டு கண்ணு முன்னால வந்துட்டு. ஊரு எல்லா வாயையும் கட்டிச்சு, பொண்டாட்டி வாயை மட்டும் கட்டணும்னு தோணல.

‘மாட்டேன்’னுட்டேன். நான் சொன்னா நான் கொன்னதாத்தான் அர்த்தம், யாரு என்ன சொன்னாலும் அதான் அர்த்தம். இவுக இல்லாத வீட்டுல நான் என்ன செய்யப் போறேன். அழுகிப் போன உடம்புதான், ஆனா காலையில நான் எந்திரிக்கும்போது கண்ணு முழிச்சு என்னைப் பாக்குத உடம்பு. எனக்கு அது போதும்னு இருந்தது, வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், அவுக நோவு பெருசாத் தெரியல, என் பயந்தான் பெருசாத் தெரிஞ்சது. அடுத்த வீட்டு புஷ்பம் சுவத்துக்கு அந்தப் பக்கம் எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தவ, பின்வாசல் வழியா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘சொல்லிராத அக்கா. சொன்ன பொறவு அந்த வாயை வச்சுக்கிட்டு நீ சோறு திங்கணும். நான் தின்னுட்டு இருக்கேன்’னா.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாட்ட, ‘அம்மா, மறுபடி லேசர் வச்சு என் வாயில இருக்க இந்த வெளிச்சத்தை எடுத்துருங்க. எங்க வீட்டுல என்னைச் சொல்லச் சொல்லிக் கேக்க மாட்டாவல்லா அப்ப’ன்னு நின்னேன். டாக்டரம்மா என்னை நாற்காலியில உக்கார வச்சு, கம்பியால ஒவ்வொரு பல்லா அளந்தாவ. ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

‘ஈறு நல்லா இருக்கு வடிவு. நல்லா இருக்க ஈறுல நான் கை வைக்க முடியாது’ன்னாவ. ஊர்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுத ஒரே ஆளு அவுகதான், அவுக வாயில லேசர் வைக்கல. பொறவு அவுகளே, ‘ஒண்ணு செய்யலாம். நான் படுத்துக்கிடுதேன், எப்படி வைக்கணும்னு சொல்லுதேன், நீ எனக்கு வச்சு விடு. நாலு நாள்ல ஈறு ஆறிரும். நான் உங்க வீட்டுக்கு வந்து அவர் பேரைச் சொல்லிட்டுப் போயிருதேன். நான் உப்புல கை வைக்கலைல்லா. இந்த மிஷினைக் கொண்டாந்தவ நான்தான, அது என் மேலயே இருக்கட்டும்’னாவ.

சொல்லிட்டு நெசமாவே ஏறிப் படுத்துட்டாவ. பச்சைக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டாவ. நானும் ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டேன். இழையைக் கையில எடுத்துட்டேன், மிஷினை ஓட்டுத மிதியில காலையும் வச்சுட்டேன். டாக்டரம்மா வாயைத் திறந்தாவ. அந்த வாயைக் குனிஞ்சு பாத்தேன், பொகையிலை அறியாத சுத்தமான வாய், வரிசையான பல்லு. இந்த வாய் நாலு நாள் கழிச்சு எங்க வீட்டு நடுவீட்டுல நின்னு அந்தப் பேரைச் சொல்லப் போகுது, எங்க வீட்டுக்காரவுக இதைப் பாத்துக்கிட்டே போகப் போறாவ, நான் கதவோரத்துல நின்னு வேடிக்கை பாக்கப் போறேன். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். எங்க வீட்டுக்காரவுகளை அனுப்பி வைக்க இன்னொருத்தி வாயா. இருபத்தாறு வருசம் நான் அந்தப் பேரை வாயில வச்சுக்கிட்டுச் சொல்லாம இருந்தது இதுக்கா.

மிஷினை அமத்திட்டேன். ‘எந்திரிங்கம்மா, நான் வீட்டுக்குப் போகணும்’னேன்.

வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். அளத்துப் பக்கம் கண்ணைத் திறக்க முடியாது, அத்தனை வெள்ளை. முகம் கழுவி, தலை சீவி, அவுக கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். அவுக என் முகத்தைப் பாத்ததும் விளங்கிக்கிட்டாவ. கையை நீட்டினாவ, பிடிச்சுக்கிட்டேன்.

சொல்ல வாயைத் திறந்தேன், வரல. நெசமா வரல. ‘ஏங்க’ன்னுதான் வருது. மூணு தடவை ‘ஏங்க, ஏங்க’ன்னு சொல்லிட்டு அழுதுட்டேன். அந்த நோவுலயும் அவுகளுக்குச் சிரிப்பு வந்துட்டு. ‘ஆஸ்பத்திரியில எத்தனை பொம்பளையளை அதட்டியிருப்ப, புருசன் பேரைச் சொல்லத் தெரியாதான்னு’ன்னாவ.

பொறவு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன். சிவனணைஞ்சான்.

கண்ணைத் திறந்து பாத்தா ஒண்ணும் இல்ல. சன்னல் வழியா வெயில் கட்டில் மேல அடிச்சுக்கிட்டுக் கெடக்கு, சுவரு வெள்ளையா இருக்கு, அவுக முகம் அப்படியே இருக்கு. எனக்கு ஒரு நிமிசம் மனசு துள்ளிட்டு, எரியலைன்னு. அவுக, ‘வெளிச்சத்துல எப்படித் தெரியும், சன்னலைச் சாத்து’ன்னாவ. நான் எந்திரிச்சுப் போய்ச் சாத்தினேன். கதவையும் சாத்தினேன். இருட்டுல வந்து உக்காந்து, மறுபடியும் சொன்னேன். சிவனணைஞ்சான்னு முழுசாச் சொல்லி முடிக்கமுன்ன அவுக கன்னத்துலயும் தலகாணியிலயும் சிவப்பு விழுந்துட்டு.

அவுக அந்தச் சிவப்பைப் பாக்கல. என் வாயையே பாத்தாவ.

‘நல்லாத்தான் சொல்லுத. இன்னொரு தடவை சொல்லு.’

சொன்னேன். எட்டு நாளும் சொன்னேன். கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன், புண்ணு துடைக்கும்போது சொன்னேன், கோவம் வந்தா வையுதாப்புல சொன்னேன். இருபத்தாறு வருசத்துக்கும் சேத்துச் சொல்லியாச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு விழும், எட்டு ஏழாகும், ஏழு ஆறாகும், அது ரெண்டு பேருக்கும் தெரியும், இருந்தும் ‘இன்னொரு தடவை’ம்பாவ. எட்டாம் நாள் காலையில பதினோரு மணிக்கு, நான் சொல்லிக்கிட்டே இருக்கும்போது, சிவப்பு நின்னுட்டு. அவுக கையைத் தொட்டுப் பாக்கவே வேண்டாம்.

மூணு மாசத்துக்குப் பொறவு ஊர்ல விழுந்த முதல் சாவு. பொம்பளையள் எல்லாம் வந்து கூடிட்டாளுவ. அழணும்ல, நான் மாரில அடிச்சுக்கிட்டு அழுதேன், ‘சிவனணைஞ்சான், என் சிவனணைஞ்சான்’னு பேரைச் சொல்லித்தான் அழுதேன். அத்தனை பொம்பளையளும் வாயில கையை வச்சுட்டாளுவ. புருசன் செத்ததுக்கு வந்தவளுவ, புருசன் பேரைச் சொன்னதுக்கு அதிர்ந்து போய் நின்னாளுவ. ஆனா எல்லாரும் என் வாயைத்தான் பாத்தாளுவ, அது எரியல. செத்தவுகளுக்கு எரியாது. கட்டுப்பாடு போட்ட பொறவு பயத்துல செத்தவுக பேரைக்கூட யாரும் சொல்லிப் பாக்கல.

புஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தா. என் முன்னால முட்டி போட்டு உக்காந்து, என் வாயை ரெண்டு கையாலயும் திறந்து உள்ள பாத்தா. பொறவு மெதுவா, யாருக்கும் கேக்காதாப்புல, ‘டெல்சி’ன்னா. அவ வாய் இருட்டாத்தான் இருந்தது. ‘டெல்சி, டெல்சி’ன்னு சொல்லிக்கிட்டே என் தோள்ல சாஞ்சு அழுதா. அடக்கத்தன்னைக்கு அழாததை எல்லாம் அன்னைக்குத்தான் அழுதா.

அவளை நான் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஒவ்வொருத்தியா எந்திரிக்க ஆரம்பிச்சாளுவ. பிரேதம் எடுக்கமுன்ன பொம்பளையள் வீட்டை விட்டுப் போற வழக்கம் எங்க ஊர்ல கிடையாது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, யாரும் யாரையும் பாக்காம போனாளுவ. கங்காணி பொண்டாட்டியும் போனா. அவளும் லேசர் வச்சவதான், உப்புல கை வச்சவதான், மாமியார் பேரும் அவளுக்குத் தெரியும்.

வெயில் தகதகன்னு அடிச்சுக்கிட்டு இருந்தது. நான் எங்க வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். முதல்ல கங்காணி வீட்டுல சன்னலைச் சாத்துத சத்தம் கேட்டது, பொறவு வடக்குத் தெருவுல, பொறவு ஒவ்வொரு வீடா, பதினோரு வீட்டுலயும்.